ஊசிவாக்கும் இரண்டு கிராம் எடைக்கல்லும்

லிங்கநகரில் செத்தவர்கள் பேசத் தொடங்கி மூன்று மாதமாகியிருந்தது. உயிரோடிருப்பவர் பேசினால் ஒருவரும் காது கொடுப்பதில்லை. செத்தவர் பேசுகிறார் என்றதும் குச்சவெளியிலிருந்து ஒரு பஸ், தோப்பூரிலிருந்து இரண்டு பஸ் என்று சனம் வந்து இறங்கியது. சனிக்கிழமை பின்னேரங்களில் வாக்குச் சொல்லும் கனகரத்தினம் ஐயாவின் வீட்டு வாசலிலிருந்து சந்தி வரைக்கும் வரிசை. வரிசையில் நிற்பவர்களுக்கு இஞ்சிப் பிளேன்டீ விற்க ஒருவர், தொப்பி விற்க ஒருவர், வரிசையில் இடம் பிடித்து அந்த இடத்தையே விற்க இன்னொருவர்.

ஊரெல்லாம் நோட்டீஸ். "ஊசிவாக்கு ஐயா! மறைந்தவர் குரல் மறுபடி கேட்கும்! இசைத்தட்டைக் கொண்டு வாருங்கள், இதய பாரத்தை இறக்கிச் செல்லுங்கள்!" கடற்கரை மதிலில் ஒட்டியவற்றைப் பசை காய்வதற்கு முன்பே ஊருக்குள் திரியும் மான்கள் தின்றுவிட்டன. அந்த நோட்டீஸால் உருப்படியான பலன் கண்டவை அவை மட்டும்தான்.

வாக்குச் சொல்லும் விதம் இது. மறைந்தவர் விரும்பிக் கேட்ட இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். கனகரத்தினம் அதைப் பழைய ரெக்கோட் பிளேயரில் சுழல விடுவார். ஊசி பொருத்திய கையைத் தூக்கித் தட்டின் மேல் வைப்பார். பாட்டு ஓடும். ஐயா கண்ணை மூடுவார். வலது கையை மேசையின் மூலையில் ஊன்றி ஆசி வழங்குவார். அடுத்த நொடியே ஊசி ஒரு சொல்லில் மாட்டுப்பட்டு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லும். அதுதான் வாக்கு. ஐயா கையை எடுத்ததும் பாட்டு மேலே போகும். ஆவி விடைபெற்றுவிட்டது என்று அர்த்தம். காணிக்கைத் தட்டு பக்கத்திலேயே இருக்கும்.

கருவாட்டுக் கடை இராசமலருக்கு "வருவேன், வருவேன்" என்று வந்தது. அன்று தொட்டுச் சனிக்கிழமை தோறும் செத்துப்போன புருசனுக்கும் சேர்த்து உலையில் அரிசி போடுகிறார். புருசன் வரவில்லை, தெருநாய் ஒன்று நன்றாகக் கொழுத்திருக்கிறது. தோப்பூர்க்காரர் ஒருவருக்கு "மாமா, மாமா" என்று வந்தது. பத்து வருடமாக வேலி வழக்கு நடத்திய மாமனின் காலில் போய் விழுந்தார். மாமன் ஆனந்தக் கண்ணீரோடு வேலியை இன்னும் இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஐயாவுக்குச் சமய பேதம் கிடையாது. மேசையில் விபூதியும் இருந்தது, மெழுகுதிரியும் இருந்தது, அத்தர் போத்தலும் இருந்தது. யாருடைய மனமும் நோகக் கூடாது என்று எல்லாரிடமும் ஒரே மாதிரி வாங்கினார்.

இந்தக் கூட்டத்தில்தான் லெஸ்லியும் இருந்தார். அவரை ஏமாளி என்று எடுத்த எடுப்பில் எழுதிவிட வேண்டாம். துறைமுகத்து இழுவைப் படகில் முப்பது வருடம் கயிறும் கப்பியும் பார்த்த மனுசன். எந்த வடம் எப்போது அறும் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லுவார். கப்பல் கப்டன்மாரே அவர் கையசைவுக்குக் காத்திருப்பார்கள். ஆனால் மனைவி மாகிரட் போய் இரண்டு வருடம். குசினியில் அவர் வைத்த போத்தல்கள் வைத்தபடி இருந்தன. கதவுக்குப் பின்னால் குடை இருந்தது. குரல் மட்டும் இல்லை. மாகிரட்டுக்கு வீடியோ என்றாலே கூச்சம்; போனைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடுவார். லெஸ்லியிடம் இருந்த படங்களிலெல்லாம் அவர் வாயை மூடிச் சிரித்துக்கொண்டு நின்றார்.

இருந்த ஒரே குரல் ஒரு சின்ன இசைத்தட்டு. பதினேழு வயதில் பங்குக் கோவில் பாடகர் குழுவோடு கொழும்புக்குப் போய் மாகிரட் பாடியது. நூறு தட்டு அடித்தார்களாம். யுத்தமும் சூறாவளியும் சுனாமியும் கொண்டுபோனது போக மிஞ்சியது இந்த ஒன்றுதான். அலுமாரிக்குள், அவரின் கல்யாணச் சீலையின் மடிப்புக்குள் கிடந்தது. லெஸ்லிக்குத் தெரிந்து அதைப் போட்டுக் கேட்கப் பிளேயர் வைத்திருந்த ஒரே ஆள் கனகரத்தினம். லெஸ்லி பாட்டுக் கேட்கத்தான் போனார். ஆவியைக் கேட்கப் போகவில்லை.

குழு இரண்டு அடி பாடியது. பிறகு மாகிரட் தனியாக எடுத்தார். "இருளும் கடலில் தனியே..." ஐயாவின் கை மேசை மூலைக்குப் போனது. "தனியே... தனியே... தனியே..."

லெஸ்லிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"அவ அங்க தனிய நிக்கிறா," என்றார் கனகரத்தினம், கண்ணைத் திறக்காமலே. "உங்களை விட்டால் துணை இல்லை. சனிக்கிழமைக்கு ஒண்டாய் ஏழு இருப்பு இருக்க வேணும் லெஸ்லி. ஏழாவதில உங்கட பேரைச் சொல்லியே கூப்பிடுவா. அதுவரைக்கும் தட்டு இந்தப் பீடத்திலதான் இருக்க வேணும். வீட்டுக்குக் கொண்டு போகப்படாது."

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டு லெஸ்லிக்கு மனப்பாடம். "தனியே" என்ற சொல்லுக்குப் பிறகு "விடாத துணையே" என்று வரும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பாட்டைப் பாடிக் காட்டித்தான் மாகிரட்டையே மடக்கினவர். ஆனால் அழுகிற கண்ணுக்கு முன்னால் மனப்பாடம் என்ன செய்யும்? தெரிந்ததை எல்லாம் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.

மூன்று சனிக்கிழமை போனது. மூன்றாம் முறை அந்தச் சொல் கரகரத்தது. ஏதோ மண்ணை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"அழுகிறா," என்றார் கனகரத்தினம்.

லெஸ்லி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அந்தக் கிழமை தராசு முத்திரைக் காலம். வருடத்துக்கு ஒருமுறை கடைக்காரர் எல்லாரும் தராசையும் எடைக்கல்லையும் தூக்கிக்கொண்டு போய்ச் சரிபார்த்து முத்திரை குத்துவித்து வர வேண்டும். இராசமலரின் தராசைச் சுமந்துகொண்டு லெஸ்லி போயிருந்தார். மேசையில் இருந்தவர் ஆதிலா. கிண்ணியாக்காரி, அளவை நிறுவைக் கந்தோரில் பரிசோதகர். அவர் பார்வை பட்டாலே மீன்கடைத் தராசுகள் ஒழுங்குக்கு வந்துவிடும் என்பார்கள்.

"என்ன லெஸ்லி அண்ணன், ஆள் பாதியாப் போனீங்கள்?"

லெஸ்லி எல்லாவற்றையும் சொன்னார். ஆதிலா சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஊசியில எத்தனை கிராம் பாரம் விழுது?"

"ஆவிக்கு என்ன மிஸ் கிராம்?"

"ஆவியை நான் கேக்கேல்ல. ஊசியைக் கேட்டனான். எங்கட வாப்பாட்டயும் ஒரு பிளேயர் இருக்குது. ஊசித்தலை ஒருக்கா கோணலாப் பூட்டுப்பட்டு உம்மாவின்ர ஆசைத் தட்டு அழிஞ்சு போச்சு. உம்மா மூண்டு மாசம் அவரோட கதைக்கேல்ல. அதுக்குப் பிறகு மனுசன் கிராம் பார்க்காமல் ஊசி வைக்கிறதில்லை." இராசமலரின் தராசுக்கு முத்திரையைக் குத்திவிட்டு நிமிர்ந்தார். "கரகரத்தது எண்டீங்களே, அது அழுகை இல்லை அண்ணன். தேய்மானம். அவர் ஊசியை ஒரே இடத்தில உழ விடுறார். ஏழு இருப்பு முடியேக்க அந்தத் தட்டில மாகிரட் அக்கா இருக்க மாட்டா."

லெஸ்லிக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு எல்லாம் நிறுவைதான் மிஸ்! மனுசரின்ர கவலையையும் தராசிலயோ போடுவியள்?" என்று கேட்டுவிட்டு விறுவிறென்று நடந்தார். தராசை மறந்துவிட்டுப் போனதால் இராசமலரே தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை நாலாம் இருப்பு. அறைக்குள் முப்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். ஐயா மெழுகுதிரி ஏற்றி, விபூதி பூசி, அத்தர் தெளித்து முடித்தார். தும்மல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஐயா, ஒரு சின்ன விசயம். வலது கையை மடியில வைச்சுக்கொண்டு ஒருக்கா வாக்குக் கேப்பமே?"

ஆதிலா. தோளில் ஒரு பை.

"கை இல்லாமல் ஆசி எங்க பிள்ளை? ஆசி இல்லாமல் ஆவி எங்க?" என்றார் ஐயா. சனம் ஓம் ஓம் என்றது.

"அப்ப இடது கையால குடுங்கோ. அந்தப் பக்க மூலையில."

"இடது கையால கூப்பிட்டால் கெட்டது வரும்!"

இடப்பக்கம் நின்ற நாலு பேர் சட்டென்று வலப்பக்கம் மாறினார்கள்.

"சரி, தட்டையாவது ஒருக்காப் பாப்பம்."

கனகரத்தினத்தின் முகம் மாறியது. "அந்நியர் தொட்டால் ஆவி போயிடும். போனால் போனதுதான். பிறகு ஒருநாளும் வராது. லெஸ்லி, முடிவு உங்கட."

எல்லாத் தலையும் லெஸ்லியின் பக்கம் திரும்பியது. மாகிரட்டை இன்னொரு முறை புதைக்கச் சொல்லிக் கேட்பது போலிருந்தது அவருக்கு. ஆதிலா தட்டைத் தொடவில்லை. "நான் தொடமாட்டன். நீங்கள்தானே அவவின்ர மனுசன். நீங்களே வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ," என்றார்.

லெஸ்லி தட்டை எடுத்து ஜன்னலடியில் பிடித்தார். கறுப்புத் தட்டில் வெளிறிய ஒரு வளையம். மூன்று கிழமைக்கு முன் அது இல்லை. பிளேயருக்குத் திரும்பி வந்து குனிந்தார். ஊசி நுனியில் கறுப்புத் தூள் திரண்டிருந்தது. ஊசி பூட்டிய தலையை முன்னாலிருந்து பார்த்தார், பக்கத்திலிருந்து பார்த்தார். கழுத்துச் சுளுக்கினவன் மாதிரிக் கோணிக்கொண்டு நின்றது.

முப்பது வருடத்தில் இந்தக் காட்சியை எத்தனை தரம் பார்த்திருப்பார்! கப்பிப் பள்ளத்துக்கு நேராக வராமல் கயிறு சரிந்து ஓடினால் கயிறும் போகும், கப்பியும் போகும். அடியில் இதே மாதிரித் தூள் கொட்டியிருக்கும். கயிறு அழுகிறது என்று எந்தப் படகிலும் ஒருவனும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் லெஸ்லியே அவனைக் கடலுக்குள் தள்ளியிருப்பார். மூன்று கிழமையில் முதல்முறையாக அவர் தன் சொந்த மண்டையைப் பாவித்தார்.

"ஐயா, இந்தத் தலை ஏன் கோணி நிக்குது?"

"அது பணிவு," என்றார் கனகரத்தினம், கொஞ்சமும் தடுமாறாமல். "ஆவிக்கு முன்னால ஊசி தலை சாய்க்குது."

"முப்பது வருசம் கப்பல் இழுத்தனான் ஐயா. கோணி நிக்கிற சாமான் ஒண்டும் பணிவில நிக்கிறேல்ல. ஒண்டில் பூட்டினவனுக்குப் பூட்டத் தெரியேல்ல, இல்லாட்டி வேணுமெண்டு பூட்டினவன்." ஆதிலாவின் பக்கம் திரும்பினார். "மிஸ், உங்கட அளவுக்கு வையுங்கோ."

ஆதிலா முதலில் பிளேயர்த் தட்டின் மேல் மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டத்தை வைத்தார். எட்டிப் பார்த்த ஐயாவின் கை மேசை மூலையில் பட்டதும் உள்ளேயிருந்த குமிழி இடப்பக்கம் ஓடியது. கையை எடுத்ததும் திரும்பி வந்தது. குனிந்து மேசையின் கீழே பார்த்தார். வலது முன்கால் மற்றக் கால்களை விட ஒரு விரல் கட்டை.

"இராசமலர் அக்கா, இங்க வாங்கோ." பீடத்தில் ஐயா தொடக்க வழிபாட்டுக்குப் போடும் பக்திப் பாட்டுத் தட்டு ஒன்று இருந்தது. அதை ஓட விட்டார். "நான் சொல்லேக்க அந்த மூலையில கையை ஊண்டுங்கோ. ஓம், இப்ப!"

இராசமலர் ஊன்றினார். "அருளே... அருளே... அருளே..."

"எடுங்கோ."

பாட்டு மேலே போனது.

இராசமலர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயோ மிஸ், எனக்கும் சக்தி வந்திட்டுதோ?"

"சக்தி உங்களுக்கில்லை அக்கா, மேசைக்குக் கால் கட்டை. ஊசியில பாரம் காணாது, தலையும் கோணல். அது பள்ளத்தில ஒழுங்கா நிக்க ஏலாமல் தத்தளிக்குது. மேசையைச் சரிச்சால் வெளிப்பக்கம் வழுக்கி, முன்னம் ஓடின பள்ளத்துக்கே திரும்பப் பாயுது. ஒவ்வொரு சுத்துக்கும் அதே பாய்ச்சல், அதே சொல்."

நம்ப வேண்டுமென்றால் தாங்களும் ஒருமுறை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்றது சனம். அதற்கும் ஒரு வரிசை நின்றது. பதினொரு பேர் அடுத்தடுத்து ஆவியை வரவழைத்து அனுப்பினார்கள். தோப்பூர்க்காரர் இரண்டாம் தரமும் ஊன்றிவிட்டு, "என்ர வேலி ரெண்டடி போச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

கனகரத்தினம் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். "நான் ஆவி எண்டு எங்கயாவது அடிச்சுச் சொன்னனானோ? சனம்தான் சொன்னது. இளந்தாரியில நான் ஒலிபெருக்கி வாடகைக்குக் குடுத்தனான். ஒரு செத்த வீட்டில ஊசி மாட்டுப்பட்டுப் போச்சு. ஓடிப்போய் மன்னிப்புக் கேப்பம் எண்டு பாத்தால், வீட்டுக்காரி என்ர காலில விழுந்து கும்பிடுறா. அவர் வந்து சொன்னவர், அவர் வந்து சொன்னவர் எண்டு அழுகிறா. நான் என்ன செய்ய? கும்பிடுற கையைத் தட்டி விடுறது பாவம்தானே?"

"அதுக்காக மேசைக் காலை அறுக்கிறது புண்ணியமோ?" என்றார் ஆதிலா.

ஐயா காணிக்கைத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. பிளேயரைத் தூக்கிச் சீமெந்து நிலத்தில் வைத்து, குமிழி நடுவுக்கு வரும் வரைக்கும் அடியில் காகிதம் மடித்து வைத்தார் ஆதிலா. "நிலத்தில ஆவி இறங்காது," என்று பழக்க தோசத்தில் முனகினார் கனகரத்தினம். ஆதிலா பையிலிருந்து, ஊசித்தலையின் கோணலைப் பார்க்கக் கொமினிகேஷன் கடையில் அச்சடித்து வந்த தாள் ஒன்றை எடுத்தார். நடுவில் ஓட்டை, ஒரு பக்கம் இரண்டு புள்ளி, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கட்டம் கட்டமாகக் கோடு. தாளைப் பிளேயரின் நடு அச்சில் மாட்டி, ஊசியை முதல் புள்ளியில் வைத்தார். தலை கோட்டுக்குக் கோணலாக நின்றதை எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். தராசு திருத்தும் குட்டித் திருப்புளியால் இரண்டு ஆணியை இளக்கி, தலையை ஒரு நூல் முன்னே தள்ளி, கோட்டோடு நேராக்கினார். இரண்டாம் புள்ளியில் வைத்தார், கொஞ்சம் பிசகியது. மறுபடி இளக்கினார். மறுபடி முதல் புள்ளி. ஐந்தாம் தடவைதான் இரண்டு புள்ளியிலும் நேராக நின்றது. செத்தவர்களைக் கூப்பிட ஒரு நொடி போதும். ஒரு ஆணியைச் சரியாக இறுக்க இருபது நிமிடம் பிடித்தது.

கடைசியாகப் பாரம். பென்சில் ஒன்றைக் கிடத்தி, அதன் மேல் சின்ன அடிமட்டத்தைக் குறுக்கே வைத்தார். ஒரு நுனியில் பித்தளை எடைக்கல், இரண்டு கிராம், முத்திரை குத்தியது. மறு நுனியில் ஊசியை இறக்கினார். அடிமட்டம் அசையவே இல்லை.

"இந்தத் தலைக்கு ரெண்டு கிராம் வேணும் எண்டு செய்தவனே எழுதியிருக்கிறான். போனில தேடிப் பாத்தனான். இங்க அரைக் கிராமும் இல்லை."

"பாரம் கூடினால் இன்னும் தேயாதோ மிஸ்?" என்று கேட்டார் லெஸ்லி.

"வெறும் வள்ளம் அலையில எப்படித் துள்ளும் அண்ணன்?"

லெஸ்லிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஊசிக் கையின் பின்பக்கத்துப் பாரத்தை ஆதிலா மெல்ல மெல்லத் திருகினார். அடிமட்டம் அசைந்தது, ஆடியது, நேராக நின்றது. ஊசித் தூளைத் தூரிகையால் துடைத்துவிட்டு எழுந்தார்.

"வையுங்கோ. உங்கட கையாலயே வையுங்கோ."

லெஸ்லி முழந்தாளிட்டு மாகிரட்டின் தட்டை வைத்து ஊசியை இறக்கினார். குழு இரண்டு அடி பாடியது. பிறகு பதினேழு வயது மாகிரட் பாடினார். "இருளும் கடலில்..." அதற்குப் பிறகு ஒரு கரகரப்பு. தோலை உரிப்பது போன்ற சத்தம், ஒரு மூச்சளவு நேரம். ஊசி துள்ளவில்லை, திரும்பவில்லை, நேராகப் போனது. "...விடாத துணையே." குரல் தெளிந்து வந்தது. சரணம் முழுதும் வந்தது. கடைசி அடியில் மாகிரட் குழுவுக்காகக் காத்திருக்காமல் அரைத் தாளம் முந்திக்கொண்டார்.

"எப்பவும் அவசரம்," என்று சொல்லிச் சிரித்தார் லெஸ்லி. கண்ணீர் தாடையில் ஓடியது. "பஸ்ஸுக்குப் போறதெண்டாலும் அரை மணித்தியாலம் முந்தித்தான் நிப்பா."

ஊசி தட்டின் நடுவுக்கு வந்து நின்றது. லெஸ்லி தட்டை எடுத்து வளையத்தை விரலால் தொடாமல் பார்த்தார்.

"அந்தச் சொல் போயிட்டுது மிஸ்."

"ஓம் அண்ணன். அது இனி வராது."

"நாப்பது வருசமா ஒண்டும் ஆகேல்ல. மூண்டு சனிக்கிழமையில நான்தான் தேச்சனான். ஐயா கையை ஊண்டினவர், உண்மைதான். ஆனால் தட்டைக் கொண்டுபோய்க் குடுத்தது நான். முன்னால இருந்து கும்பிட்டதும் நான்." அவர் யாரையும் ஏசவில்லை. தன்னைத்தான் ஏசினார். அதைக் கேட்ட சனம் ஒவ்வொருவராகப் பீடத்துக்குப் போய்த் தங்கள் தங்கள் தட்டைத் தேடி எடுத்தது. கனகரத்தினம் தடுக்கவில்லை. மேசையின் கட்டைக் காலைக் காலால் மறைத்துக்கொண்டு நின்றார்.

இத்தோடு சனத்துக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? வாசலுக்குப் போன இராசமலர் திரும்பி வந்தார். சேலைத் தலைப்பைப் பயபக்தியோடு இழுத்துச் செருகிக்கொண்டு ஆதிலாவுக்கு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் அதற்குள் ஏழெட்டுப் பேர் வரிசையாகிவிட்டார்கள்.

"மிஸ், அந்த ரெண்டு கிராம் கல்லை ஒருக்காத் தொட்டுக் கண்ணில ஒத்தலாமோ? என்ன சக்தி மிஸ் அதுக்கு! வீட்டில கொண்டுபோய் வைக்க ஒண்டு கிடைக்குமோ?"

ஆதிலா லெஸ்லியைப் பார்த்தார். லெஸ்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தார்.

"அக்கா, அந்தக் கல் ஊசிக்கு. மனுசருக்கு எண்டு ஒண்டரைக் கிலோ மட்டில ஒரு சாமான் தலைக்குள்ள வைச்சிருக்குது. என்னட்டயும் இருந்தது, மூண்டு கிழமை பாவிக்காமல் விட்டதில மாகிரட்டின்ர ஒரு சொல்லைத் துலைச்சுப்போட்டு நிக்கிறன். உங்கடதை எப்ப எடுத்துப் பாவிக்கப் போறியள்?"